மீகாங் கரையில் பெயரிழந்த போர்க்கலை

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். பள்ளிப் பருவத்திலேயே நாம் பயின்ற பாடம் இது. ஆனால் இக்காலத்து அரசுகள் தம் எல்லைக்குள் வழங்கும் கலைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் சூட்டும் பெயர்களை இவ்விரண்டனுள் எதனுள் அடக்குவது என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிதில் கிடைப்பதில்லை. அவை பொருளை விளக்க வந்த பெயர்கள் அல்ல. "இஃது எமக்கே உரியது, பிறர்க்கு இல்லை" என்று வேலியிட வந்தவை. எனவே வேலிப்பெயர் என்று மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அத்தகைய வேலிப்பெயர் ஒன்றினால் தன் சொந்த முற்றத்திலேயே அயலாகிப்போன ஒரு கலையைப் பற்றியது இக்கட்டுரை. அக்கலையின் பெயர் 'முவாய் லாவோ'.

தென்கிழக்காசிய நாடுகளுள் கடற்கரையே இல்லாத ஒரே நாடு லாவோஸ். சீனம், வியத்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியன்மார் என்னும் ஐந்து நாடுகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. மக்கள்தொகை 80 இலட்சத்தைத் தொடாதது. அந்நாட்டு மக்கள் வழிவழியாகப் பயின்றுவரும் அடிமுறைப் போர்க்கலையும் போட்டி விளையாட்டுமே முவாய் லாவோ. 'முவாய்' என்பது குத்துச்சண்டையைக் குறிக்கும் சொல். ஆயினும் மேலைநாட்டுக் குத்துச்சண்டையோடு இதனை ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. அங்குக் கருவி கை இரண்டே. இங்கு இறுக்கிய கைகள் இரண்டு, முழங்கைகள் இரண்டு, முழங்கால்கள் இரண்டு, கால்கள் இரண்டு என எட்டு உறுப்புகளும் படைக்கலங்களாகின்றன.

உதை என்றவுடன் பாதத்தால் உதைப்பதையே நாம் எண்ணுவோம். இவர்களோ முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட எலும்பையே வாளாக வீசுவர். இடுப்பைத் திருப்பி, உடலின் எடை முழுவதையும் காலில் ஏற்றி வீசும் அவ்வீச்சு எதிராளியின் தொடையில் இரண்டு முறை விழுந்தால், பழக்கமில்லாதவன் மூன்றாம் முறைக்கு நிற்க மாட்டான். நெருங்கி வந்தபின் முழங்கை வேலை செய்யும். அதன் கூர்முனை புருவத்தைக் கிழித்துவிடும்; குருதி கண்ணை மறைக்கும். இன்னும் நெருங்கினால் எதிராளியின் பிடரியை இரு கைகளாலும் பற்றித் தலையைக் கீழே இழுத்து, முழங்காலால் விலாவில் இடிப்பர். மேலைநாட்டு நடுவர் பிரித்துவிடும் அந்தப் பிணைப்பிலேதான் இக்கலையின் நுட்பம் பாதி அடங்கியுள்ளது எனலாம். யார் கை உட்புறம், யார் கை வெளிப்புறம், யாருடைய இடுப்பு முன்னே என்பதைக் கொண்டே தேர்ந்தவர்கள் அடுத்து விழப்போகும் அடி எவருடையது என்பதைச் சொல்லிவிடுவர்.

போட்டி தொடங்கும் முன் வீரர் ஆசானை வணங்கி மேடையில் மெல்ல ஆடும் வணக்க ஆட்டம் ஒன்றுண்டு. தாய்லாந்தில் இதனை 'வாய் க்ரு' என்பர். லாவோ மொழியில் ரகரம் கெட்டு 'வாய் கூ' என ஒலிக்கும். 'வாய்' என்பது கைகூப்பி வணங்குதல். 'க்ரு', 'கூ' என்பன 'குரு' என்னும் வடசொல்லின் திரிபுகள். வீரர் தலையில் அணியும் வளையத்திற்கு 'மொங்கொன்' என்று பெயர். அது 'மங்கலம்' என்பதன் உருமாற்றம். விகாரைகளில் திருவிழா நடைபெறும் நாள்களில் இத்தகைய போட்டிகளுக்கு மேடை அமைப்பது வழக்கம். லாவோ மொழியில் திருவிழாவுக்கு வழங்கும் 'புன்' என்ற சொல்லோ புண்ணியத்தைக் குறிக்கும் பாலிச் சொல்லிலிருந்து பிறந்தது.

இச்சொற்களைக் கேட்டதும் நம்மவருள் சிலர்க்கு உள்ளம் துள்ளும். "அனைத்தும் இங்கிருந்தே சென்றன" என்று மேடையேறி முழங்கவும் துணிவர். அத்துணிவு வேண்டா. வடமொழியும் பாலியும் சமயத்தோடும் அரசவையோடும் சென்று அம்மக்களின் சொல்வளத்தில் கலந்தன என்பதற்கே இவை சான்று. சொல் கடல் கடந்தது என்பதனால் உதையும் கடல் கடந்தது என்று ஆகிவிடாது. குத்து, உதை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கு வழங்கும் 'மத்', 'தே', 'சோக்', 'காவ்' என்னும் சொற்கள் அம்மொழிகளின் சொந்தச் சொற்களே. மீகாங் ஆற்றின் இருகரையிலும் இச்சொற்களே, சிறு இசை வேறுபாட்டோடு, இன்றும் வழங்குகின்றன என்பது இக்கட்டுரைக்கு இன்றியமையாத செய்தி.

ஏனெனில் அக்கரையில் இக்கலைக்குப் பெயர் 'முவாய் தாய்'. (நம் செவிக்கு இது தாய்க்கலை என்பதுபோல் இனிமையாக ஒலிக்கலாம். 'தாய்' என்பது ஈண்டு ஓர் இனத்தின் பெயர், அன்னையோடு தொடர்புடையதன்று.) கம்போடியாவில் இதன் உடன்பிறப்புக்குப் 'பிரதால் சேரி' என்றும் 'குன் கெமர்' என்றும் பெயர்கள் உண்டு. மியன்மாரில் அது 'லெத்வே'; அங்குக் கையுறை கிடையாது, தலையால் முட்டவும் இசைவுண்டு. மலேசியாவின் வடபுல மாநிலங்களில் 'தொமோய்' என்பர். நம் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடாவும் அம்மாநிலங்களுள் ஒன்று. ஆக, ஒரு பெரும் நிலப்பரப்பு முழுவதும் பல இனத்தார் பல பெயரால் வளர்த்த கலைக்குடும்பம் இது. இவர்களுள் ஒருவர் பெயர் மட்டும் உலகெங்கும் பரவ, மற்றொருவர் பெயர் தன் நாட்டுக்கு வெளியே கேட்பாரற்றுப் போனது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை விளையாட்டு மேடையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1353ஆம் ஆண்டில் ஃபா ஙூம் என்னும் மன்னர் நிறுவிய 'லான் சாங்' அரசு லாவோ மக்களின் பெருமைக்குரிய பேரரசு. அப்பெயருக்குப் பத்து இலட்சம் யானைகள் என்பது பொருள். மீகாங் ஆற்றின் இருகரைகளிலும் அதன் ஆட்சி பரவியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது லுவாங் பிரபாங், வியந்தியான், சம்பாசக் என மூன்றாகப் பிளந்தது. பிளந்தவை ஒவ்வொன்றாகச் சயாமின் மேலாண்மைக்குள் விழுந்தன. வியந்தியான் மன்னர் அனுவோங் 1826 முதல் 1828 வரை சயாமை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். வெற்றி பெற்ற படை வியந்தியான் நகரை அழித்து, மக்களைப் பெருங்கூட்டமாக ஆற்றின் மேலைக்கரைக்குப் பெயர்த்துச் சென்றது. பின்னர் 1893இல் பிரெஞ்சுக்காரர் பீரங்கிப் படகுகளோடு வந்து சயாமை மிரட்டிக் கீழைக்கரையைத் தமதாக்கிக்கொண்டனர். அன்று கையெழுத்தான ஒப்பந்தமே மீகாங் ஆற்றை எல்லையாக்கிற்று. அதுவரை ஒரே மொழியாளரைப் படகு வழி இணைத்த ஆறு, அதன்பின் அவர்களைப் பிரிக்கும் கோடாயிற்று. இதன் விளைவாக லாவோ மொழியைப் பேசுவோரில் பெரும்பகுதியினர் லாவோஸுக்குள் இல்லை. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் இருக்கின்றனர். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2 கோடி.

அப்பகுதிக்கு இன்று வழங்கும் பெயர் ஈசான். நம் வீட்டு மூலைகளுள் வடகிழக்கை ஈசானிய மூலை என்கிறோமே, அதே சொல்தான். பெயர் அழகியது, அது வந்த வழிதான் அழகியதன்று. முன்பு அப்பகுதியின் ஆட்சிப் பிரிவுகளின் பெயர்களில் 'லாவோ' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. பிரெஞ்சுக்காரர் லாவோ மக்கள் வாழும் நிலமெல்லாம் தமக்குரியது என்று கேட்கத் தொடங்கவே, பாங்காக் அரசு 1900ஐ ஒட்டி அச்சொல்லை நீக்கி, வெறும் திசைப்பெயரை இட்டது. ஓர் இனத்தின் பெயர் இருந்த இடத்தில் ஒரு திசை வந்து அமர்ந்தது. 1939ஆம் ஆண்டு சூன் 24 அன்று சயாம் என்ற நாட்டுப் பெயரே தாய்லாந்து என மாற்றப்பட்டது. அவ்வாண்டே பிபுன் சோங்க்ராம் அரசு வெளியிட்ட பண்பாட்டு ஆணைகளுள் ஒன்று, மக்களை வடபுலத்துத் தாய், ஈசான் தாய், தென்புலத்துத் தாய், இசுலாமியத் தாய் என்றெல்லாம் பிரித்துச் சொல்லாது, அனைவரையும் தாய் என்ற ஒரே பெயரால் அழைக்கவேண்டும் என்றது. மனிதர்க்கே வேறு பெயர் கூடாது என்றான பின், அவர்கள் வீசும் காலுக்கும் கைக்கும் வேறு பெயர் எங்ஙனம் கிட்டும்?

இவ்விடத்தில் நடுநிலை பிறழாது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாய்லாந்து இக்கலையைத் திருடிற்று என்பது நம் வாதமன்று. அந்நாட்டார் இக்கலைக்குச் செய்த தொண்டு பெரிது. கயிறு சுற்றிய கையோடு நேரக் கணக்கின்றி மோதிய பழைய முறையைச் சீர்திருத்திக் கையுறை, சுற்று, எடைப் பிரிவு, நடுவர் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தனர். 1945 டிசம்பரில் ராஜதம்னர்ன் அரங்கமும், 1956இல் லும்பினி அரங்கமும் பாங்காக்கில் எழுந்தன. 1767இல் அயுத்தயா வீழ்ந்தபோது பர்மியர் சிறைபிடித்துச் சென்ற நாய் கனோம் தோம் என்னும் வீரர், 1774இல் பர்மிய மன்னர் முன்னிலையில் பலரை வீழ்த்தினார் என்ற கதையை நாட்டுக் கதையாக வளர்த்து, மார்ச் 17ஐ அவர் நாளாகக் கொண்டாடுகின்றனர். 2003இல் வெளிவந்த 'ஓங்-பாக்' திரைப்படம் அக்கலையை உலகின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 2024 முதல், முவாய் தாய் கற்க வருவோர் நீண்ட நாள் தங்குவதற்கென்றே இடமளிக்கும் விசாவும் உண்டு. உழைத்தார்கள், பயன் கண்டார்கள். அதனை மறுப்பவர் நேர்மையாளர் ஆகார்.

ஆனால் உழைத்த தோள்கள் யாருடையவை? தாய்லாந்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை 1996இல் அட்லாண்டாவில் பெற்றுத்தந்த குத்துச்சண்டை வீரர் சோம்லக் காம்சிங், முவாய் மேடையிலும் முன்பே பெயர்பெற்றவர். அவர் பிறந்தது ஈசானின் கொன் கேன் மாநிலத்தில். உலகோர் வியந்து போற்றும் சேன்சாய் பிறந்தது மகா சாரகாம்; அதுவும் ஈசானே. 'ஓங்-பாக்' படத்தின் கதைத் தலைவன் பாங்காக்குக்குப் புறப்பட்டு வருவதும் ஈசான் சிற்றூர் ஒன்றிலிருந்துதான். வறண்ட நிலம், ஒருபோக நெல், கடன் என்ற மூன்றுக்குமிடையே வளரும் சிறுவர்க்கு நகரத்து மேடை ஒரு வாயில். ஆகவே ஈசான் தலைமுறை தலைமுறையாகத் தன் மக்களை அம்மேடைக்கு அனுப்பிவருகிறது. மேடை ஏறியதும் அவர்தம் குடும்பப் பெயரும் போய்விடும். பயிற்சிக்கூடத்தின் பெயரையே பின்னொட்டாகச் சூடிக்கொள்வது அங்கு வழக்கம். இனத்தின் பெயரை அரசு மாற்றிற்று. குடியின் பெயரைக் கூடம் மாற்றிற்று. வென்ற கலையின் பெயரை உலகம் மாற்றி எழுதிக்கொண்டது. லாவோ மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவன் வெற்றி பெறும்போது ஒலிப்பது முவாய் தாய் என்ற பெயர்தான். லாவோஸ் நாட்டுக்கோ இன்றுவரை ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் கிட்டவில்லை.

கீழைக்கரையில் என்ன நடந்தது? பிரெஞ்சு ஆட்சிக்கு லாவோஸ் ஒரு புறக்கடை. பள்ளிகள் மிகச் சில; அரங்கம் கட்டிக் கலை வளர்க்கும் எண்ணம் ஆட்சியாளர்க்கு இருந்ததில்லை. 1953இல் விடுதலை வந்தது. உடன் உள்நாட்டுப் போரும் வந்தது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க வானூர்திகள் அச்சிறு நாட்டின்மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. வெடிக்காமல் மண்ணில் புதைந்த சிறுகுண்டுகள் உழவர் கால்களையும் சிறுவர் கைகளையும் இன்றும் பறிக்கின்றன. காலை ஊன்றி உதைக்கக் கற்றுத்தரும் ஒரு கலையின் நாட்டில் காலை ஊன்றவே அஞ்சும் வயல்கள் இருந்தன, இருக்கின்றன. 1975இல் ஆட்சி மாறியபின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஆற்றைக் கடந்து வெளியேறினர். இந்நிலையில் பாங்காக்கில் அரங்கமும் தொலைக்காட்சியும் விளம்பரமும் சேர்ந்து ஒரு பெயரை உலகப் பெயராக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இக்கரையில் அக்கலை ஊர்த்திருவிழா மேடையோடு ஒடுங்கி நின்றதில் வியப்பில்லை. கலை அழியவில்லை. அதனைப் பற்றிப் பேசும் வாய்ப்புத்தான் அழிந்தது.

1959இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டு விழா தோன்றியபோதே அதில் இடம்பெற்ற லாவோஸ், அவ்விழாவைத் தன் மண்ணில் நடத்த அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 2009 டிசம்பரில் வியந்தியானில் 25ஆவது தென்கிழக்காசிய விளையாட்டு விழா நடைபெற்றபோது முவாய் போட்டியும் அதில் இருந்தது. அவ்விழாவில் லாவோஸ் 33 தங்கப் பதக்கங்களை வென்றது. அதற்கு முன் அந்நாடு கண்டிராத எண்ணிக்கை அது.

பெயர்ப் பூசல் வெளிப்படையாக வெடித்தது 2023இல். அதற்கு முன் 2021 சூலையில் அனைத்துலக ஒலிம்பிக் குழு, 'முவாய்தாய்' என்ற பெயரிலேயே இவ்விளையாட்டின் உலகக் கூட்டமைப்புக்கு முழு ஏற்பளித்திருந்தது. 2023 மே மாதம் புனோம் பென்னில் விழா நடத்திய கம்போடியா, போட்டிக்குக் 'குன் கெமர்' என்று பெயரிட்டது. தாய்லாந்து அப்போட்டிக்கு வீரர்களை அனுப்ப மறுத்தது. இருநாட்டு இளைஞரும் ஒருவரையொருவர் கள்வர் என்று ஏசிக்கொண்டனர். 2025 சூலையில் அவ்விரு நாட்டு எல்லையில் மெய்யான பீரங்கிகளே முழங்கின. அதற்குக் காரணம் குத்துச்சண்டையன்று. எனினும் கோயில், நடனம், உடை, விளையாட்டு என ஒவ்வொன்றிலும் 'எமதா, உமதா' என்று பல்லாண்டுகளாக மூட்டிய தீ, எல்லைத் தீக்கு விறகாகாமல் இருந்திருக்குமா?

இப்பூசலில் இருவர் குரலே உலகுக்குக் கேட்டது. கம்போடியரிடம் அங்கோர் காலத்துச் சிற்பங்கள் உள்ளன, சுட்டிக்காட்டினர். தாய்லாந்தாரிடம் அரங்கங்களும் உலகக் கூட்டமைப்பும் உள்ளன, அவற்றைக் காட்டினர். லாவோ மக்களிடம் காட்டுவதற்குக் கற்சிற்பமும் இல்லை, பொற்கிழியும் இல்லை. அவர்களின் தலைநகரம் 1828இல் எரிந்தது. லுவாங் பிரபாங் 1887இல் சூறையாடப்பட்டது. சான்று அழிக்கப்பட்டவனிடம் சான்று கேட்பது வழக்காடுமுறை ஆகாது. கம்போடியா செய்தது சரி என்றும் கருத இயலவில்லை. பொது மேடைக்கு ஓரினப் பெயரைச் சூட்டியது தாய்லாந்தின் பிழையென்றால், அதனை அகற்றி மற்றோர் இனப்பெயரைச் சூட்டியதும் அதே பிழைதான். இரண்டு பெயர்களுள் எதன்கீழ் நின்றாலும் லாவோ வீரன் பிறர் கொடியின்கீழ் நிற்பவனே ஆகிறான். வட்டாரப் பொதுவிழாவில் இனப்பெயர் சேராத 'முவாய்' என்ற தனிச்சொல்லை வைத்துக்கொள்வதும், அவரவர் நாட்டில் அவரவர் பெயரை வழங்குவதுமே முறை. மற்போர் என்றால் மற்போர். அதற்கு முன்னே பாரசீகம் என்றோ துருக்கி என்றோ சேர்த்தாலன்றி ஒலிம்பிக் நடவாது என்று எவரும் சொல்வதில்லையே!

"அடி அடிதான், உதை உதைதான், பெயரில் என்ன இருக்கிறது?" என்று வினவுவோர் உளர். அவர்க்கு லாவோ மக்களின் 'கேன்' என்னும் மூங்கில் இசைக்கருவியின் வரலாறே விடை. இணையிணையாக அடுக்கிய மூங்கிற் குழல்களை வாயால் ஊதி இசைக்கும் கருவி அது. 1865இல் சயாம் மன்னர் மோங்குட், தம் தலைநகர மக்கள் தம் மரபிசையை விடுத்து லாவோ கேன் இசையில் மயங்குகின்றனர் என்று வருந்தி அதற்குத் தடை விதித்தார். மன்னர் தடை விதிக்கும் அளவுக்கு அவ்விசையின் பெயர் 'லாவோ' என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தடை போயிற்று, பெயர் நின்றது. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் 'லாவோ மக்களின் கேன் இசை' என்ற பெயரிலேயே அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஈசானிலும் அதே கேன் ஒலிக்கிறது; அதனால் எவர்க்கும் இழப்பில்லை. பெயர் நிலைத்ததால் லாவோஸ் பள்ளிச் சிறுவன் அக்கருவியைத் தன்னுடையது என்று கையில் எடுக்கிறான். அதே சிறுவன் கையுறை அணியும்போது தான் பயில்வது அண்டை நாட்டுக் கலை என்று எண்ண நேர்கிறது. பெயரில் இருப்பது இதுதான்.

ஆயினும் பெயரை மீட்கப் புறப்படுவோர் இரு படுகுழிகளைக் கண்டு விலக வேண்டும். ஒன்று, பொய்த் தொன்மை. சான்றில்லாத இடத்தில் சான்றைச் சமைத்து, ஃபா ஙூம் காலத்தே இக்கலை இவ்விதிகளோடு இருந்தது என்று எழுதத் தொடங்கினால், அண்டை நாட்டார் செய்த அதே தவற்றைச் சிறிய அளவில் செய்ததாகவே முடியும். முவாய் லாவோ என்ற பெயருக்கு உரிமை கேட்பதற்கு 'நாங்களே முதல்வர்' என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. 'நாங்களும் பயின்றோம், பயில்கிறோம்' என்பதே போதும். குடியிருப்பவன் உரிமைக்கு அவன் குடியிருப்பே ஆவணம்.

மற்றொன்று கொடியது. பாங்காக் அரங்கங்களின் செழிப்புக்குப் பின்னே சூதாட்டப் பணம் உண்டு. அதன் அடியில் சிறுவர் உடல்கள் உண்டு. ஈசானில் எட்டு, ஒன்பது அகவையிலேயே பிள்ளைகள் மேடையேறுகின்றனர். வெல்லும் பரிசு வீட்டுச் செலவுக்கு. தோற்றால் பந்தயம் கட்டியவர் சினம். 1999இல் இயற்றப்பட்ட தாய்லாந்துக் குத்துச்சண்டைச் சட்டம் 15 அகவைக்கு உட்பட்டோர் போட்டியிடப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. வறுமையில் வாடும் பெற்றோரின் இசைவுக்கு என்ன பொருள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. 2018 நவம்பரில் 13 அகவைச் சிறுவன் ஒருவன் மேடையில் தலையில் பட்ட அடிகளால் மூளையில் குருதி கசிந்து உயிரிழந்தான். மகிடோன் பல்கலைக்கழக மருத்துவர் சிறுவர் வீரர்களின் மூளையைப் படமெடுத்து ஆய்ந்து, தொடர்ந்து விழும் அடிகளால் சேதம் நேர்வதை எடுத்துரைத்தனர். 12 அகவைக்குட்பட்டோரைத் தடுக்க வேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது, சிறு வயதில் தொடங்காவிட்டால் கலை அழியும் என்று எதிர்ப்பும் எழுந்தது. பிள்ளையின் மூளையைக் கொடுத்துக் காக்கவேண்டிய கலை எதுவாயினும் அது காக்கத்தக்கதன்று. சிறுவர்க்கு அடவும் வணக்கமும் கால்பழக்கமும் கற்பிக்கலாம். ஒருவர் தலையை ஒருவர் குறிவைத்து மோதும் போட்டியும், அதன்மீது கட்டும் பந்தயமும் அவர்களுக்கு வேண்டா. பாங்காக்கின் பெயர்ப்புகழ் வேண்டும் என்பதற்காக அதன் இந்தப் பக்கத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வார்களாயின், முவாய் லாவோ பெயரளவில் பிழைத்து வேறெல்லா வகையிலும் தோற்றதாகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? லாவோ மக்களே அதற்கு வழிகாட்டி வைத்திருக்கின்றனர். விகாரைகளில் சிதறிக் கிடந்த பனையோலைச் சுவடிகளை 1992 முதல் 2004 வரை செருமானிய உதவியோடு நாடெங்கும் சென்று கணக்கெடுத்தனர். ஊராரையும் பிக்குகளையும் சேர்த்துக்கொண்டே துடைத்து, கட்டி, பட்டியலிட்டனர். பின்னர் 2009இல் அவை கணினி நூலகமாக உலகுக்குத் திறந்துவிடப்பட்டன. சுவடியை எடுத்துச் சென்று தலைநகரில் அடைக்காமல் இருந்த இடத்திலேயே காத்ததுதான் அப்பணியின் சிறப்பு. ஓலையில் எழுதிய நூலுக்குச் செய்ததை உடலில் எழுதிய நூலுக்கும் செய்யலாம். முதிய ஆசான்கள் மாநிலந்தோறும் இருக்கின்றனர். வணக்க ஆட்டத்தில் எந்தக் கால் முன்னே, பிடரிப் பிணைப்புக்கு அவ்வூரில் என்ன பெயர், அடிபட்ட தசைக்கு எந்த இலையை அரைத்துப் பூசினர், மேடைக்கு எந்த இசை என்பனவற்றை அவர் பேசும் மொழியிலேயே பதிவு செய்து, அசைவுகளைப் படம்பிடித்து வைத்தல் வேண்டும். 2022இல் கம்போடியா தன் 'குன் லபோகாதோர்' என்னும் பழம் போர்க்கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, எஞ்சியிருந்த முதிய ஆசான்களின் நினைவே அதற்குக் கைகொடுத்தது. உள்நாட்டுப் போரில் ஆசான்கள் பலரை இழந்த அந்நாடே இதைச் செய்ய முடிந்தது.

அப்பதிவில் ஈசான் ஆசான்களையும் விடுதல் ஆகாது. குடியுரிமைச் சீட்டில் அவர்கள் தாய்லாந்தினர். சிற்றூர்ப் பயிற்சிக் களத்தில் சிறுவனை அதட்டும்போது வாயில் வரும் மொழி லாவோ. 1994 ஏப்ரலில் திறக்கப்பட்ட நட்புறவுப் பாலம் நோங்காய் நகரையும் வியந்தியான் புறநகரையும் இணைக்கிறது. இக்கரையினின்று அக்கரை சேரச் சில நிமிடங்களே ஆகும். இருகரை ஆசான்களையும் ஒரே களத்தில் நிற்கவைத்து, ஒரே அசைவுக்கு இருவரும் சொல்லும் பெயரை அடுத்தடுத்து எழுதிக்கொள்ளும் பணியை அப்பாலத்தின் எந்த முனையிலும் தொடங்கலாம். அவ்வாசான்களுள் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.